‘முதல் பெண்’ என்னும் அடைமொழி

‘முதல் பெண்’ என்ற அடைமொழியை நான் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கிச் சில வருஷங்களாகின்றன. பாராட்டு விழா மேடைகளிலும், பொது அறிவுப் புத்தகங்களிலும், வங்கித் தேர்வுக்காக நாங்கள் மனப்பாடம் செய்த வினா விடைகளிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. சொல்பவர்கள் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே துறையில் முதல் பெண் 1936-லும் தோன்றி, 1948-லும் தோன்றி, 1979-லும் தோன்றுகிறாள் என்றால் அந்தத் துறையின் ஞாபகசக்தியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது கட்டடக் கலையை. பம்பாய் ஜே. ஜே. பள்ளியில் 1936-ல் டிப்ளமா பெற்ற பெரின் மிஸ்திரி இந்தியாவில் இக்கலை பயின்று தேறிய முதல் பெண் என்கிறார்கள். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் இன்ஸ்டிடியூட்டில் 1948-ல் அசோசியேட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியப் பெண், கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா. 1979-ல் சென்னையில் ‘ஷில்பா ஆர்க்கிடெக்ட்ஸ்’ தொடங்கிய ஷீலா ஸ்ரீபிரகாஷ், இந்தியாவில் சொந்தமாக அலுவலகம் நிறுவி நடத்திய முதல் பெண் என்று அறிமுகப்படுத்தப்படுகிறார். ஆனால் பம்பாயில் பிரவீணா மேத்தா அதற்கு வெகுகாலம் முன்பே தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். பிருந்தா சோமையாவும் எழுபதுகளிலேயே தம் அலுவலகத்தைத் தொடங்கிவிட்டார். இவர்களில் யாருடைய சாதனையையும் இது குறைத்துவிடாது. குறை அடைமொழியில் இருக்கிறது. அது ஒவ்வொருவரையும் ஒரு தனித் தீவில் கொண்டு போய் நிறுத்திவிட்டு, ‘பார், எவ்வளவு உயரம்’ என்று வியக்கிறது.

இலக்கியத்தில் நாம் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு கவிஞனுக்கு முன்னோடியே கிடையாது என்று யாராவது எழுதினால் விமர்சகன் சிரித்துவிட்டு அவன் படித்தவற்றைத் தேடிக்கொண்டு போவான். சங்கீதத்தில் கேட்கவே வேண்டாம். பாடகி ஒருத்தி மேடையேறினால் ரசிகர் கேட்கும் முதல் கேள்வி ‘யாரிடம் பாடம்?’ என்பதுதான். ஷீலா ஸ்ரீபிரகாஷ் கட்டடக் கலைக்கு வருமுன் பரதம் பயின்றவர். அவர் ஆடியபோது அந்தக் கேள்வி அவரைப் பற்றியும் எழுந்திருக்கும். கட்டடம் கட்டியபோது எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஒரு கலைஞன் எந்த வழியில் வந்தான் என்று கேட்பதே அவனை மரபுக்குள் ஏற்றுக்கொள்வதன் அடையாளம். ‘முதல் பெண்’ என்று சொன்ன மாத்திரத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. முதலில் வந்தவளுக்கு ஏது குரு? அதோடு இன்னொரு கேள்வியும் அடைபட்டுவிடுகிறது: அவளுக்குப் பிறகு யார்?

2

நான் ராஜபாளையத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். கட்டடக் கலை பற்றிப் பேச இவனுக்கென்ன யோக்யதை என்று கேட்கலாம். வீட்டுக் கடன் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் மேலே போகின்றன என்பதைத் தவிர வேறு யோக்யதை இல்லை. இந்த ஊர் பஞ்சாலைகளால் வளர்ந்தது, சிமெண்டால் பெயர் பெற்றது. ஐம்பதுகளின் இறுதியில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஏற்பட்டதிலிருந்து (இப்போது ராம்கோ சிமெண்ட்ஸ்) மாகாணத்தின் எத்தனையோ சுவர்களுக்கு இங்கிருந்து மூட்டைகள் போயிருக்கின்றன. ஆனால் என் மேஜைக்கு வரும் வரைபடங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தது ஆர்க்கிடெக்ட் அல்ல. லைசென்ஸ் பெற்ற சர்வேயரோ, டிப்ளமா படித்த என்ஜினீயரோ ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் ஒன்றில் மனையின் அளவை மாற்றிக் கொடுத்துவிடுவார். தென்கிழக்கில் அடுப்படி, வடகிழக்கில் பூஜை அறை, முன்பக்கம் கார் நிறுத்த இடம். கடன் தவணை பேஸ்மட்டத்துக்கு ஒன்று, லிண்டலுக்கு ஒன்று, கூரை போட்டதும் ஒன்று என்று பிரித்துக் கொடுக்கப்படும். பாதிக்குமேல் கோப்புகளில் மனை மனைவியின் பெயரில் இருக்கிறது. வரைபடத்தைப் பற்றி அந்த அம்மாள் ஏதாவது சொன்னதற்கான தடயம் எந்தக் கோப்பிலும் நான் கண்டதில்லை.

கணக்குத் தொடங்கும் படிவத்தில் தொழில் என்றொரு கட்டம் உண்டு. எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் கேட்டு எழுதிக் கொடுப்போம். கட்டட வேலைக்குப் போகும் ஆண் ‘கொத்தனார்’ என்றோ ‘கம்பி வேலை’ என்றோ ‘சென்டரிங்’ என்றோ சொல்வார். அதே சைட்டில் இருபது வருஷம் வேலை செய்த பெண் ‘கூலின்னு போடுங்க சார்’ என்பாள். ‘சித்தாள் வேலைன்னு போடவா?’ என்றால் சிரிப்பாள். ‘அதுவும் கூலிதான?’

‘சித்தாள்’ என்ற சொல்லை நாம் நின்று கவனிப்பதில்லை. சிறு ஆள். கொத்தனாரைப் பெரியாள் என்பார்கள். சிறியது வளர்ந்து பெரியதாவது இயற்கை என்று மொழி நினைக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சைட்டுகளில் அநேகமாகப் பெண்கள்தான் சித்தாள். சித்தாளாக வந்த பெண் சித்தாளாகவே முதுகு வளைந்து போகிறாள். அவள் பக்கத்தில் கையாளாகச் சேர்ந்த பதினாறு வயதுப் பையன் நாலைந்து வருஷத்தில் கொத்தனார். கலவையின் பதம் அவளுக்குத் தெரியும். செங்கல்லைத் தட்டிப் பார்த்து வேகாததை ஒதுக்கத் தெரியும். சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனாருக்கு அடுத்து என்ன வேண்டுமென்று அவன் கேட்குமுன் தெரியும். கரணையும் தூக்குக்குண்டும் மட்டும் அவள் கைக்கு வருவதில்லை.

பையன் எப்படிக் கற்றுக்கொள்கிறான் என்று நான் ஒருமுறை எங்கள் தெருவில் வேலை செய்த வயதான கொத்தனாரிடம் கேட்டேன். ‘யாரு சொல்லிக் குடுக்கா? மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசருவோம். கரணை சும்மா கெடக்கும். எடுத்து ரெண்டு வரி வச்சுப் பாப்பான். கோணலா இருந்தா ஒதைச்சுத் தள்ளிருவேன். மறுநாளும் வைப்பான்’ என்றார். சித்தாள் அந்த நேரத்தில் என்ன செய்வாள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். ‘தண்ணி எடுக்கப் போயிருப்பா. இல்ல, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவா.’

மொத்த விஷயமும் இந்தப் பதிலில் இருப்பதாக எனக்குப் பட்டது. தொழில் கைமாறுவது வேலை நேரத்தில் அல்ல. கரணை சும்மா கிடக்கும் நேரத்தில். அந்த நேரம் யாருக்கு உண்டோ அவனே அடுத்த கொத்தனார். இது சைட்டுக்கு மட்டும் பொருந்துவதல்ல. குளிர்சாதன அலுவலகங்களுக்கும் பொருந்தும்.

3

மினெட் டி சில்வாவின் வாழ்க்கை இந்தக் கோணத்தில் கவனிக்கத்தக்கது. அவருடைய தந்தை ஜார்ஜ் டி சில்வா இலங்கையின் அரசியல்வாதி. தாய் ஆக்னஸ் நெல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களுள் ஒருவர். இலங்கையில் கட்டடக் கலை கற்க அன்று வழியில்லை. பம்பாய்க்கு வந்தார். அங்கே அவர் பயிற்சிக்குச் சேர்ந்தது மிஸ்திரி அண்டு பேத்வார் என்ற அலுவலகத்தில். அந்த மிஸ்திரி குடும்பத்துப் பெண்தான் 1936-ல் தேறிய பெரின் மிஸ்திரி. இருவரும் சிநேகிதிகளானார்கள்.

இந்த ஒரு செய்தி எனக்குப் பெரிய ஆறுதலைத் தந்தது. இந்தியாவின் ‘முதல்’ பெண்ணும் ஆசியாவின் ‘முதல்’ பெண்ணும் ஒரே அலுவலகத்தின் வழியாகப் போயிருக்கிறார்கள்! தீவுகள் என்று நாம் நினைத்தவற்றுக்கிடையே தண்ணீருக்கடியில் நிலம் இருந்திருக்கிறது. வரைபலகைமுன் குனிந்து நிற்கும் ஒரு பெண் எப்படி இருப்பாள் என்பதைக் கண்டியிலிருந்து வந்த இருபது வயதுப் பெண் நேரில் பார்த்திருக்கிறாள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது.

1942-ல் காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகவும், மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததற்காகவும் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பெங்களூரில் ஜெர்மானிய அகதியான ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் வேலை செய்தார். முல்க் ராஜ் ஆனந்தோடும் தம் சகோதரி அனிலோடும் சேர்ந்து 1946-ல் ‘மார்க்’ பத்திரிகை தொடங்கப்படக் காரணமானவர்களுள் ஒருவரானார். சிறுபத்திரிகைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: கலைக்கும் கட்டடத்துக்குமான அந்தப் பத்திரிகையின் ஸ்தாபகர்களில் ஒரு கட்டடக் கலைஞர் கண்டியிலிருந்து வந்த பெண். பிறகு லண்டனில் படிப்பு முடித்து, 1947-ல் நவீனக் கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டு, 1948-ல் அந்தப் புகழ்பெற்ற அசோசியேட் தகுதியைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

கண்டியின் மலைச்சரிவில் அவர் கட்டிய கருணாரத்ன வீடு 1951-ல் முடிந்தது. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே தளங்கள் ஏறி இறங்கின. நவீனக் கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே தும்பறைப் பாய் நெசவும், ஊர்க்குயவர் செய்த சுடுமண் ஓடும், அரக்கு வேலையும் வந்து சேர்ந்தன. சுவரில் ஜார்ஜ் கீற்றின் ஓவியம். இதற்கு அவர் கொடுத்த பெயர் ‘நவீன வட்டாரக் கட்டடக் கலை’. மேற்கிலே எண்பதுகளில் ‘விமர்சன வட்டாரவாதம்’ என்ற கோட்பாடு எழுந்து, கெனத் ஃப்ராம்ப்டனின் கட்டுரைக்குப் பிறகு பல்கலைக்கழகமெங்கும் பேசப்பட்டதே, அதற்கு முப்பது வருஷம் முன்பு! கண்டியில் வட்டபுலுவைக் குடியிருப்பைத் திட்டமிட்டபோது, இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளில் குடியேறப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, ‘உங்கள் வீட்டில் எப்படி வாழ்கிறீர்கள்?’ என்று கேட்டறிந்து வடிவமைத்தார். சிங்களரும் தமிழரும் முஸ்லிமும் பறங்கியரும் கலந்து வாழ இருந்த இடம் அது. என் மேஜைக்கு வரும் கோப்புகளில் அந்தக் கேள்விக்கு இன்றும் கட்டமில்லை.

இவ்வளவும் இருந்தும் மினெட் டி சில்வாவுக்குப் பின் ஒரு வரிசை உருவாகவில்லை. அவருக்கு ஒரு வயது இளையவரான ஜெஃப்ரி பாவா இத்தொழிலுக்கான தகுதி பெற்றதே 1957-ல்தான். ஆனால் அவருக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஸ்தாபிதமான பெரிய அலுவலகம் கிடைத்தது. கூட்டாளிகள், என்ஜினீயர்கள், வரைபவர்கள், தொடர்ந்து வரும் இளைஞர்கள். டென்மார்க்கிலிருந்து உல்ரிக் பிளெஸ்னர் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1958-ல் இலங்கைக்கு வந்தது மினெட்டிடம் வேலை செய்யத்தான். சில காலத்தில் கொழும்புக்குப் போய் பாவாவுடன் சேர்ந்துகொண்டார். யாரையும் இதில் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்குப் பள்ளம் தெரியும். பாவாவின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வளர்ந்தவர்கள் பின்னர் தாமே பெயர் பெற்றார்கள். நம்மவர் அஞ்சலேந்திரன் உட்பட. மினெட்டோ அறுபதுகளில் நெடும் பயணங்கள் போனார், கட்டடக் கலை வரலாறு எழுதினார், 1975 முதல் சில வருஷங்கள் ஹாங்காங்கில் பாடம் சொன்னார். திரும்பி வந்து அலுவலகத்தை உயிர்ப்பிக்க முயன்றார். முடியவில்லை. அவருடைய கட்டடங்களில் பல இடிக்கப்பட்டோ உருமாறியோ போயின. ஸ்ரீலங்காக் கட்டடக் கலைஞர் சங்கம் 1996-ல் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1998-ல் இறந்தார். அதே வருஷம் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது லெ கொர்புசியேயுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து.

திறமையை ஒருவர் பிறப்பிலேயே கொண்டுவரலாம். பள்ளம் மட்டும் பிறர் வெட்டித்தான் ஆகவேண்டும். கட்டடக் கலை தனியாள் கலை அல்ல. கவிஞன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு செத்துப்போனால்கூட ஐம்பது வருஷம் கழித்து யாராவது எடுத்து அச்சடிக்கலாம். கட்டடக் கலைஞனின் மரபு அலுவலகம் என்ற ஸ்தாபனத்தின் வழியாக, பாதி வரைந்த தாள்களின் வழியாக, அடுத்தவன் கையில் ஒப்படைத்த பென்சிலின் வழியாகப் போகிறது. பாவா மறைந்தபோது அவருடைய கை இருபது பேரின் கையில் இருந்தது. மினெட்டின் கை அவருடைய சுயசரிதையில் மட்டுமே இருந்தது.

இன்னொரு விதமான மறைவும் உண்டு. சண்டிகரில் லெ கொர்புசியேயின் குழுவில் இருந்த யூலி சௌதுரி (1923–1995) அந்நகரின் நாற்காலிகள் சிலவற்றைப் பியர் ஜான்னரேயுடன் சேர்ந்து வடிவமைத்தவர். அந்த நாற்காலிகள் இன்று வெளிநாட்டு ஏலங்களில் விற்கின்றன, ஜான்னரேயின் பெயரில். அமெரிக்காவில் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் ராபர்ட் வென்டூரியும் ஒரே அலுவலகத்தில் இணைந்து வேலை செய்த தம்பதி. 1991-ல் பிரிட்ஸ்கர் பரிசு கணவருக்கு மட்டும் வழங்கப்பட்டது. கட்டடக் கலையின் ‘நட்சத்திர’ முறையைக் கண்டித்து அந்த அம்மையார் 1975-லேயே ஒரு கட்டுரை எழுதினார். தம் வேலைக்குப் பாதகமாகும் என்று தயங்கி 1989 வரை அச்சிடாமல் வைத்திருந்தார். 2013-ல் ஹார்வர்டில் படித்த இரண்டு மாணவிகள், அந்தப் பரிசில் அவர் பெயரையும் சேர்க்கக் கோரி மனு தயாரித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டும் பரிசுக்குழு மறுத்துவிட்டது. மறுத்தது போகட்டும். எண்பதைத் தாண்டிய ஒருவருக்காக இருபதுகளில் இருந்த இருவர் கேட்டார்கள். அவர்கள் ‘யாரிடம் பாடம்?’ என்ற கேள்விக்குத் தாங்களாகவே பதில் எழுதிக்கொண்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

4

தமிழில் ‘டாக்டரம்மா’ என்றொரு சொல் இருக்கிறது. ‘டீச்சரம்மா’ இருக்கிறது. இவை அகராதிக்காரர்கள் செய்தவை அல்ல. வாசலில் நின்று கூப்பிட்டவர்கள் செய்தவை. கூப்பிட ஒரு சொல் உண்டாவதற்கு ஒருத்தி போதாது, பலர் வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். அவரும் ‘முதல் பெண்’தான். ஆனால் வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார். முத்துலட்சுமியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் உருவான புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மறு வருஷமே இளம் டாக்டராக வந்து சேர்ந்த வி. சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அதையே தம் வீடாகக் கொண்டிருந்தார். அங்கே ‘முதல்’ என்பது ஒரு வரிசையின் தலை.

‘ஆர்க்கிடெக்டம்மா’ என்று தமிழில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் அக்கா மகள் ஆர்க்கிடெக்ட். அவள் வகுப்பில் பாதிக்குமேல் பெண்களாம். இன்று பல கல்லூரிகளில் நிலைமை அதுதான். படிப்பு முடிந்ததும் ஒரு பெருநகரத்து அலுவலகத்தில் சேர்ந்தாள். சம்பளத்தில் வித்தியாசமில்லை, யாரும் அவமரியாதையாகப் பேசவுமில்லை. ஆனால் சைட்டுக்குப் போகும் கார் கிளம்பும்போது பையன்கள் ஏறிக்கொள்வார்கள். ‘நீ கலர் ஸ்கீமை முடிச்சிடும்மா, வெயில்ல எதுக்கு’ என்பார் தலைமை ஆர்க்கிடெக்ட். கரிசனம்தான். சாயங்காலம் அந்தக் கார் திரும்பும் வழியில் டீக்கடையில் நிற்கும். காலையில் கான்ட்ராக்டர் செய்த தில்லுமுல்லு என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தார், கம்பி இடைவெளியை ஏன் மாற்றச் சொன்னார் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் பேசப்படும். இரண்டு வருஷத்தில் அவளோடு சேர்ந்த பையன் சைட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டான். இவளுக்கு முந்நூறு விதமான பெயிண்ட் பெயர்கள் தெரிந்திருந்தன.

‘மாமா, எனக்கு யாரும் ஒண்ணும் மறைக்கல. அங்க நான் இல்ல, அவ்வளவுதான்’ என்றாள். எங்கள் தெருக் கொத்தனாரின் பதில் எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணி எடுக்கப் போயிருப்பா.

வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கே வந்தாள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தது, அதுபாட்டுக்கு நடக்கட்டும் என்று தென்காசி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து போர்டு வைத்தாள். முதல் வீடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதிக்கு. அந்த அம்மாவிடம் இவள் இரண்டு சாயங்காலங்கள் உட்கார்ந்து, காலை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எங்கே உட்கார்ந்து காய் நறுக்குவீர்கள், முழங்கால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். கொத்தனார் முதல் மாதம் அவளைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டார். சந்தேகம் வந்தால் அவளைத் தாண்டி, ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் கேட்பார். ஒருநாள் படிக்கட்டின் உயரக் கணக்கு இடித்தது. இவள் சுவரிலேயே கரித்துண்டால் வரைந்து காட்டினாள். அதன்பிறகு கேள்விகள் இவளிடம் வர ஆரம்பித்தன. ‘பாப்பா’ போய், எதுவும் சொல்லிக் கூப்பிடாத ஒரு இடைக்காலம் இருந்து, ‘எஞ்சினியரம்மா’ வந்தது. தப்பான பட்டம்தான். அவள் திருத்தவில்லை.

காம்பவுண்டுச் சுவர் எழுப்பும்போது, பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சித்தாளாக இருக்கும் ஒரு பெண்ணைக் கல் வைக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணே முதலில் மாட்டேனென்றாள். கொத்தனார் கோபப்படவில்லை, நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். ‘சொவரு கோணுச்சுன்னா யாரு பதில் சொல்றது?’

‘நான் சொல்றேன் அண்ணாச்சி.’

தலைமை என்ற சொல்லுக்கு மேடைகளில் கேட்ட எந்த விளக்கத்தையும்விட இது எனக்குத் தெளிவாகப்பட்டது. இன்னொருத்தியின் கோணல் சுவருக்கு நான் பதில் சொல்கிறேன் என்பது. கையாள் பையன் வைத்த கோணல் வரியைக் கொத்தனார் உதைத்துத் தள்ளியபோது, அவரும் மௌனமாக அதைத்தான் சொல்லியிருந்தார். அவனுடைய தப்பு அவர் கணக்கில் ஏறியது. தப்பு செய்ய இடம் கொடுக்கப்படாதவர்கள் தொழில் கற்பதில்லை. பெண்ணுக்கு அந்தச் சலுகை அநேகமாகக் கிடையாது. அவள் கோணலாக வைத்தால் அது அவளுடைய கோணல் ஆகாது, பெண்களின் கோணல் ஆகிவிடும்.

சுவர் நேராகவே வந்தது. இதோடு கதையை முடித்துவிட ஆசைதான். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அந்த மூன்று நாளைக்கும் சித்தாள் கூலிதான் கணக்கில் இருந்தது. இவள் வாதாடி, இரண்டு கூலிக்கும் நடுவில் ஒரு தொகை வாங்கிக் கொடுத்தாள். அடுத்த சைட்டில், வேறொரு என்ஜினீயருக்குக் கீழே, அதே பெண் மறுபடி சும்மாடு வைத்துக் கலவை சுமக்கிறாள். ஒரு சுவர் ஒரு வரிசையாகிவிடாது. கேரளத்தில் எண்பதுகளின் இறுதியிலிருந்து பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கொத்துவேலை பழக்கிய முயற்சிகள் நடந்திருக்கின்றன; குழுவாக என்பதுதான் அதில் முக்கியம். இங்கே கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. விபத்துக்கும் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் உதவித்தொகை உண்டு. சித்தாளைக் கொத்தனாராக்குவதைத் தொழிலின் சகஜமான நடைமுறையாக்க உதவித்தொகை போதாது.

5

எங்கள் ஊர்க் கோபுரம் பதினோரு நிலை. ஏறத்தாழ நூற்றித் தொண்ணூறு அடி. அரசாங்க முத்திரையில் இருப்பது அதுதான் என்று எங்கள் ஊரில் சத்தியம் செய்வார்கள், மதுரைக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. உண்மையில் அந்தக் கோபுரம் வடபத்ரசாயி சந்நிதிக்கு உரியது. ஆனால் உலகம் முழுக்க அது ஆண்டாள் கோபுரம். சாமி இதைப் பெருந்தன்மையோடு சகித்துக்கொண்டிருக்கிறார். பாதம் முதல் கலசம் வரை அதைக் கட்டிய கைகளில் சாந்து சுமந்த பெண்கள் இருந்தார்களா என்று எந்தக் கல்வெட்டிலும் தேடிப் பயனில்லை. ஆண்டாள் கையிலிருக்கும் கிளியை இலைகளால் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். செய்யும் கை தலைமுறை தலைமுறையாக மாறி வருகிறது. தினமும் வாடிப்போகும் ஒரு பொருளைக்கூட வரிசை இருந்தால் நூற்றாண்டுகள் காப்பாற்றிவிடலாம்.

ஆழ்வார் பன்னிருவரில் ஆண்டாள் ஒருத்தியே பெண். ‘ஒரே பெண்’ என்பது ‘முதல் பெண்’ணைவிடத் தனிமையான அடைமொழி. நாம் அவளைத் தெய்வமாக்கி அந்தத் தனிமையை மகத்துவமாக மாற்றிவிட்டோம். ஆனால் மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போனதால் நாம் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. திருப்பாவையின் முப்பது பாட்டில் பத்துப் பாட்டு, நந்தகோபன் மாளிகை வாசலுக்குப் போகுமுன், வீடு வீடாகப் போய்ப் பிற பெண்களை எழுப்புவதில் செலவாகிறது. தூங்குமூஞ்சி ஒருத்தி, வாய்ச்சொல் வீராங்கனை ஒருத்தி, வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி என்று ஒவ்வொருத்தியையும் கேலி செய்து, கெஞ்சி, சண்டை போட்டு எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் அவள் போகிறாள். ஒரு விமர்சகனாக எனக்கு இது பக்தியைவிட அமைப்பின் பிரச்னையாகத் தோன்றுகிறது. கதவு திறக்க வேண்டும் என்பதுதான் குறிக்கோள் என்றால் நேரே போயிருக்கலாம். மூன்றில் ஒரு பங்கை அந்தக் கவி ஏன் தெருவில் செலவழித்தாள்? தனியாகப் போவது அவளுக்குப் போதுமானதாகப் படவில்லை. ‘ஒரே பெண்’ என்று நாம் கொண்டாடும் ஒருத்தி எழுதியது பன்மையில்.

சென்ற வருஷம் ராஜபாளையத்தில் ஒரு சங்கம் என் அக்கா மகளைப் பாராட்ட விரும்பியது. அழைப்பிதழுக்குத் தமிழ் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பெயரையும் படிப்பையும் கட்டிய வீடுகளின் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது பெயருக்குமேல் ‘நமதூரின் முதல் பெண் ஆர்க்கிடெக்ட்’ என்று தங்க நிற எழுத்தில் இருந்தது. ‘அதுக்கு முன்னாடி யாராவது இருந்திருந்தா?’ என்று அவள் கேட்டாள். சங்கத்தார் அப்படி யோசிக்கவில்லை. விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர்கள் நால்வரும் அந்த அடைமொழியைத் தவறாமல் சொன்னார்கள்.

இந்த ஜூனிலிருந்து அவள் அறையில் ஒரு மாணவி பயிற்சிக்கு வருகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண், நான் போகும் அதே எட்டே கால் பஸ். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து போடும் வர்ண அட்டைகளைத் தொடவே விடுவதில்லை என்று அந்தப் பெண் பஸ்ஸில் குறைப்பட்டுக்கொண்டாள். சனிக்கிழமைகளில் இருவரும் சைட்டுக்குப் போகிறார்கள். மத்தியானம் கொத்தனார்கள் சாப்பிடப் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறார்கள்.